கைதட்டலை வெட்டிய இசைத்தட்டு

கிங் கிரிம்ஸன் குழு 1974ல் வெளியிட்ட ‘ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்’ பெரும்பாலும் மேடைப் பதிவுதான். அதில் பல பகுதிகள் 1973 நவம்பர் 23 அன்று ஆம்ஸ்டர்டாமில் வாசிக்கப்பட்டவை. கைதட்டலை மட்டும் வெட்டிவிட்டார்கள். ராக் மேடைத்தட்டுகளில் ஜனங்களின் ஆரவாரமே சாட்சிக் கையெழுத்து. இவர்கள் அதை வேண்டாமென்றார்கள். விளைவு, கேட்பவன் தன் காதைத் தவிர வேறெதையும் நம்ப முடியாது.

‘ட்ரையோ’ முன்கூட்டி இயற்றப்படாதது. டேவிட் கிராஸின் வயலின், ஜான் வெட்டனின் பாஸ், ராபர்ட் ஃபிரிப்பின் மெலட்ரான். டிரம்மர் பில் புரூஃபர்ட் குச்சிகளை மார்பின் குறுக்கே வைத்தபடி கடைசிவரை தட்டாமலேயே இருந்தார். ஆனாலும் இயற்றியவர்களில் ஒருவராக அவர் பெயரும் அச்சாயிற்று. இவ்வகை ராக் வெறும் வித்தை காட்டல் என்று பின்னால் தள்ளுபடி செய்தவர்கள் இந்த ஐந்தரை நிமிஷத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. வாசிக்கத் தெரிந்தவன் வாசிக்காதிருப்பதும் படைப்பில் சேரும் என்பதை ஒரு ராக் குழு ஏற்றுக்கொண்டது சாதாரண விஷயமில்லை.

1997ல் அதே கச்சேரி, ‘த நைட் வாட்ச்’ என்ற பெயரில் கைதட்டலோடு வந்தது. சரித்திரத்துக்கு அது வேண்டியதுதான். நான் திரும்பத் திரும்பக் கேட்பது 1974ன் தட்டை.