சாட்சியின் சொல்

தேவாரத்தில் நின்று மேற்கே நோக்கினால் வானை மறித்து நிற்கும் மலைத்தொடர் தெரியும். அதன் மேற்பரப்பெங்கும் ஏலத்தோட்டங்கள். போடிநாயக்கனூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து விடியலில் மலையேறும் தொழிலாளர்கள் அந்திக்குள் இறங்கிவிடுவது வழக்கம். அத்தகைய ஒரு மாலைப்பொழுதை எண்ணிப் பாருங்கள். சரிவெங்கும் மூடுபனி இறங்கிக்கொண்டிருக்கிறது. சற்றுத் தொலைவில் ஒருவன் மற்றொருவனை வெட்டி வீழ்த்திவிட்டு ஓடுகிறான். ஏலக்காய் பறித்துத் திரும்பும் பெண் ஒருத்தி அதைக் கண்டுவிடுகிறாள். ஓராண்டு கழித்து நீதிமன்றத்தில் அவளிடம், "ஓடியவன் இவன்தானா?" என்று கேட்கிறார்கள். "ஆம்" என்கிறாள் அவள்.

அந்த ஒரு சொல்லை நம்பி ஒருவனைத் தண்டிக்கலாமா? நம்பாமல் ஒரு கொலைகாரனை வெளியே விடலாமா? இது நான் கற்பனையாகக் கூறிய நிகழ்ச்சியே. ஆயினும் இந்த இரண்டு கேள்விகளும் நம் நாட்டு நீதி வரலாறு முழுவதிலும் கேட்கப்பட்டு வந்தவை.

தமிழர்க்கு இது புதிய கேள்வியன்று. சிலப்பதிகாரத்தில் கோவலன்மீது குற்றம் சாட்டியவன் பொற்கொல்லன் ஒருவன். அரசியின் சிலம்பைத் திருடியவனும் அவனே. குற்றஞ்சாட்டுபவனுக்கு அவ்வழக்கில் சொந்த ஆதாயம் உண்டா என்று பாண்டியன் ஆராயவில்லை. கோவலனை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. பின்னர்க் கண்ணகி தன் சிலம்பை உடைத்தாள். மாணிக்கப் பரல் தெறித்தது. அரசியின் சிலம்பிலோ முத்துப் பரல்கள். வாய்ச்சொல் பொய்த்த இடத்தில் பொருட்சான்று உண்மையைக் கூறிற்று. ஆனால் அதற்குள் கோவலன் உயிர் போய்விட்டது.

காப்பியத்தை விட்டு வரலாற்றுக்கு வருவோம். கும்பினியார் ஆட்சிக்காலத்தில் சென்னை மாகாணத்தில் வரி தண்டும் சேவகர்களும் போலீசாரும் மக்களை வதைப்பதாகப் புகார்கள் எழுந்தன. அவற்றை விசாரிக்க அமைக்கப்பட்ட குழுவில் ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற வழக்கறிஞரும் ஓர் உறுப்பினர். 1855இல் அக்குழு அளித்த அறிக்கை, கிட்டி போட்டு விரல்களை நசுக்குவது போன்ற கொடுமைகள் உண்மையாகவே நடந்து வந்ததை உலகறியச் செய்தது. வதைக்கு ஆளானவன் உண்மையைச் சொல்வதில்லை. வதை எதைச் சொன்னால் நிற்குமோ அதைத்தான் சொல்லுவான். 1859இல் சென்னை மாகாணப் போலீஸ், வருவாய்த் துறையினின்றும் பிரித்துச் சீரமைக்கப்பட்டது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமோ, போலீஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என்று விதித்தது. 2024 ஜூலை முதல் நாள் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் இவ்விதி கைவிடப்படவில்லை.

அதே 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில் மற்றொரு சிறிய விதியும் உண்டு. ஓர் உண்மையை மெய்ப்பிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கணக்கில்லை என்பது அது. அதன் பொருளை நாடறிய விளக்கியது தமிழ்நாட்டு வழக்கொன்றே. 1955இல் முத்துப்பேட்டையில் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் இரவு நேரத்தில் கொல்லப்பட்டார். கண்ணால் கண்ட சாட்சியாக நீதிமன்றம் ஏற்றது அவருடைய மனைவி ஒருத்தியின் சொல்லையே. ஒரே சாட்சியை நம்பி மரண தண்டனை விதிக்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வடிவேலு தேவர் வழக்கு என்று சட்ட நூல்கள் குறிப்பிடும் அவ்வழக்கில் 1957இல் தீர்ப்பு வந்தது.

சாட்சிகள் மூவகையினர் என்றது அத்தீர்ப்பு. முற்றிலும் நம்பத்தக்கவர் ஒரு வகை. அவர் ஒருவராயினும் போதும். முற்றிலும் நம்பத்தகாதவர் மற்றொரு வகை. அவர் பலராயினும் பயனில்லை. இரண்டிலும் சேராதவர் மூன்றாம் வகை. இவர் சொல்லுக்கு வேறிடத்திலிருந்து துணைச்சான்று தேட வேண்டும். சாட்சிகளின் எண்ணிக்கையன்று, தரமே கருதத்தக்கது என்பது இதன் சாரம். எண்ணிக்கையை வற்புறுத்தினால் தனியிடத்தில் நடக்கும் கொலைகள் பல தண்டனையின்றிப் போய்விடும் அன்றோ? அந்த மனைவியின் சொல் முதல் வகையைச் சேர்ந்தது என்று கொண்டு, உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது.

இதற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அவ்வழக்கில் நடிகர்கள் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். உடந்தையாளருள் ஒருவர் அப்ரூவராக மாறி அரசுத் தரப்பில் சாட்சி கூறினார். 1945இல் ஜூரிகளின் பெரும்பான்மை முடிவின்படி இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மீண்டும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டன. பாகவதரின் திரைவாழ்வு பழைய நிலைக்கு மீளவே இல்லை. உடந்தையாளன் சொல்லுக்குத் துணைச்சான்று தேடுவதே முறை என்பதன் அருமை இத்தகைய வழக்குகளால்தான் விளங்குகிறது.

இதுவரை கூறியது பொய் சொல்லும் சாட்சியைப் பற்றியது. பொய் சொல்லாத சாட்சியும் தவறக்கூடும் என்பதை இக்கால அறிவியல் காட்டியிருக்கிறது. 1974இல் அமெரிக்காவில் லாஃப்டஸ், பாமர் என்னும் இருவர் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினர். கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்று சிலரைக் கேட்டனர். "நொறுங்க மோதியபோது" என்று வேறு சிலரைக் கேட்டனர். பின்னவர்கள் கூடுதலான வேகத்தைச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, உடைந்த கண்ணாடியைக் கண்டதாகச் சொன்னவர்களும் அவர்களுள்ளேயே மிகுதி. படத்திலோ கண்ணாடி உடையவே இல்லை! கேள்வியின் ஒரு சொல் நினைவையே மாற்றிவிட்டது. அந்நாட்டில் மரபணுச் சோதனையால் குற்றமற்றவர் என்று பின்னாளில் விடுவிக்கப்பட்டவர்களின் வழக்குகளில் ஏறத்தாழப் பத்தில் ஏழு, கண்டவர் ஆளைத் தவறாக அடையாளம் காட்டியதால் நேர்ந்தவை.

அதனால்தான் முன்பின் அறியாத ஒருவரை அடையாளம் காட்டவேண்டிய வழக்குகளில், மாஜிஸ்திரேட்டின் முன்னிலையில், ஒத்த தோற்றமுடைய பலருக்கிடையே அவரை நிறுத்திக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு நடத்துகிறார்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவரை முதன்முறையாக அங்கேயே சுட்டிக்காட்டுவது எளிது. அதனாலேயே அதன் மதிப்பும் குறைவு.

சாட்சியைச் சோதிப்பது மட்டும் போதாது, காப்பதும் வேண்டும். ஏலத்தோட்டத்தில் அன்றாடக் கூலிக்குச் செல்லும் பெண், வழக்குக்காக நீதிமன்றம் போனால் அன்றைய கூலியை இழக்கிறாள். எதிரியின் உறவினர் ஊரிலேயே இருந்தால் உறக்கத்தையும் இழக்கிறாள். அஞ்சியவள் "நான் ஒன்றும் காணவில்லை" என்று பிறழ்ந்தால், குறை அவளிடத்தில் மட்டுமா? இதனை உணர்ந்தே 2018இல் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை நாடெங்கும் நடைமுறைப்படுத்தப் பணித்தது.

மாணவ நண்பர்களே, மலைச்சரிவில் நின்ற அப்பெண்ணிடம் மீண்டும் செல்வோம். "பனி மூடியிருந்தது, முதுகைத்தான் கண்டேன், முகம் தெரியவில்லை" என்று அவள் கூறினால், வழக்குத் தோற்றாலும் அவள் தோற்றவளல்லள். நாளை உங்களுள் ஒருவர் கூண்டேற நேரலாம். கண்டதைச் சொல்லத் துணிவு வேண்டும். காணாததைக் காணவில்லை என்று சொல்வதற்கு அதனினும் பெரிய துணிவு வேண்டும். இவ்விரண்டும் உள்ள மக்களிடையேதான் நீதிமன்றம் உண்மையைக் காண இயலும்.