தெளிந்த நீரும் தீங்கற்ற நீரும்

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல் கடலோரத்தோடு நின்றுவிடவில்லை. திண்டுக்கல் மாவட்டத்தையும் கொடைக்கானல் மலையையும் அது உலுக்கியது. மரங்கள் சாய்ந்து மலைச்சாலைகள் அடைபட்டன, மின்சாரம் தடைப்பட்டது. மின்சாரம் நின்றால் மோட்டாரும் வீட்டுச் சுத்திகரிப்புக் கருவியும் ஒருசேர நின்றுவிடும். ஆகவே, அவசரகாலப் பையில் நீருக்காக எதை வைப்பது என்னும் வினா, பழனி மலையடிவாரத்துக் கன்னிவாடிக்கும் உரியதே. அதற்கான விடையை வரலாறு படிப்படியாகக் கற்றுத் தந்திருக்கிறது.

தமிழர் அறிந்த பழமையான முறை தேற்றாங்கொட்டை. கலங்கிய நீர் அதனால் தெளிவதைக் கலித்தொகை உவமையாகவே ஆள்கிறது. கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து நீரை ஊற்றி வைத்தால், மண் துகள்கள் ஒன்றுதிரண்டு அடியில் படியும். நீர் தெளியும், ஆயினும் நோய்க்கிருமிகள் முற்றிலும் நீங்கா.

இவ்வேறுபாட்டை உலகம் பெருந்துயரின் வழியே உணர்ந்தது. நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றும் மாறியுள்ளனவா என நோக்குவது, உளூவுக்குரிய நீரை அறிய மார்க்க அறிஞர்கள் வகுத்த அளவுகோல். காலராக் கிருமியோ இம்மூன்றில் எதையும் மாற்றாமலேயே நீரில் உறையக்கூடியது. 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது பரவிய காலராவில் சுமார் 15,000 ஹாஜிகள் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அதன் விளைவாக 1866இல் கான்ஸ்டான்டிநோபிளில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. 1884இல் ராபர்ட் காக் கல்கத்தாவின் குளத்து நீரில் அக்கிருமியைக் கண்டறிந்தார். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது குடிக்கத் தகுந்ததாகிவிடாது என்பது அதன்பின் உறுதியாயிற்று.

கிருமியைக் கொல்லும் வழிகளுள் நம்பகமானது கொதிக்கவைத்தல். நீர் தளதளவெனக் கொதித்தபின் ஒரு நிமிடம் போதும். உயரம் கூடக்கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் அது சுமார் 93 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. அங்கே மூன்று நிமிடம் கொதிக்கவிடுதல் நலம். அடிவாரத்துக் கன்னிவாடியில் ஒரு நிமிடமே போதும்.

விறகு நனைந்து அடுப்பெரியாத நாளில் குளோரின் கைகொடுக்கும். 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் தன் குடிநீரில் குளோரினைத் தொடர்ந்து கலக்கத் தொடங்கியது. பின்னர் அது மாத்திரை வடிவில் போர்வீரர் பைகளையும் அடைந்தது. மாத்திரை இட்டபின் குறைந்தது அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். கலங்கல் நீரில் குளோரின் வலுவிழந்துவிடும். ஆதலால் முதலில் தெளியவைத்து, துணியால் வடிகட்டுவது இன்றியமையாதது. வங்கதேசத்தில் பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்து நீரை வடிகட்டிய ஊர்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2003இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

மாத்திரையும் இல்லையெனில் கதிரவன் உண்டு. பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் அஃப்திம் அக்ரா, வெயிலால் நீரிலுள்ள கிருமிகளை அழிக்கலாம் என்பதை 1980இல் எடுத்துக்காட்டினார். நிறமற்ற பிளாஸ்டிக் புட்டியில் தெளிந்த நீரை நிரப்பி ஆறு மணிநேரம் நல்ல வெயிலில் கிடத்த வேண்டும். வானம் மூடியிருந்தால் இரண்டு நாள் ஆகும். மழைக்காலத்தில் இதை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

இவை யாவும் கிருமிக்கு எதிரானவை. திண்டுக்கல் வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி நீரில் கலந்த உப்பும் குரோமியமும் கொதித்தாலும் போகா. நீர் ஆவியாக ஆவியாக அவற்றின் செறிவு கூடவே செய்யும். எனவே எந்தக் கிணற்று நீர் ஏற்றது என்பதை நல்ல நாளிலேயே சோதித்து அறிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே பையில் இருக்கவேண்டியவை: தூய பருத்தித் துணி, காலாவதியாகாத குளோரின் மாத்திரைகள், தீப்பெட்டியும் சிறு பாத்திரமும், மூடியுள்ள நிறமற்ற புட்டிகள். வடிகட்டல், கிருமி கொல்லல், மூடிவைத்தல் என்பதே முறை. பாத்திரங்களை மூடிவைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த ஒழுங்கு இம்மூன்றில் இறுதிப் படியாகும். தூய்மையாக்கிய நீர் மீண்டும் மாசுறாமல் காப்பது அதுவே.