பறையாட்டம்: பாலாற்றுத் தோல் வட்டாரம்

பறையாட்டம் என்பது ஒருமுகப் பறையை இடத்தோளில் மாட்டி, அடித்துக்கொண்டே ஆடும் தமிழ்நாட்டு ஆட்டம். தஞ்சை, மதுரைப் பக்கம் தப்பாட்டம் என்பார்கள். கொங்கு நாட்டில் தப்பட்டை. அடிப்பவர் ஒருவர், ஆடுபவர் இன்னொருவர் என்ற பிரிவினை இதில் கிடையாது. கைக்கு வரும் அடிதான் காலுக்கும் கணக்கு. சாவு, சாமி ஊர்வலம், ஊர்ச் செய்தி சாற்றுதல் என்று இருந்த கலை இன்று மேடைக்கும் கல்லூரி விழாவுக்கும் அரசியல் கூட்டத்துக்கும் போகிறது. இக்கட்டுரை அதை வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் வட்டாரத்தில் நின்று பார்க்கிறது. தோல் வணிகத்தால் பெயர்பெற்ற இந்தப் பாலாற்றங்கரையில் பறையின் கதையையும் தோலின் கதையையும் பிரித்துச் சொல்ல முடியாது.

கருவி

பறையின் சட்டம் பெரும்பாலும் வேப்பமரம். வளைவாக அறுத்த மூன்று துண்டுகளை இரும்புத் தகடு வைத்து இணைத்து வட்டமாக்குவார்கள். குறுக்களவு ஏறத்தாழ 35 செ.மீ. போர்த்துவது மாட்டுக்கன்று அல்லது எருமைக்கன்றுத் தோல். பச்சைத்தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, மயிர் கழித்து, ஒட்டியிருக்கும் சதையையும் சவ்வையும் சுரண்டி எடுக்க வேண்டும். இதுவரை பறை கட்டுபவரும் டேனரி எனப்படும் தோல் பதனிடும் ஆலையின் தொழிலாளியும் செய்வது ஒரே வேலைதான். ஆம்பூர் டேனரியின் சுண்ணாம்புக் குழியில் நடப்பதும் இதுவே. அதற்குப் பிறகுதான் வழி பிரிகிறது. டேனரிக்குப் போன தோல் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறியது. பிற்காலத்தில் பெரும்பாலும் குரோமிய உப்பில் ஊறுகிறது. மெத்தென்று மடங்கும் தோலாகி ஷூவுக்கும் கைப்பைக்கும் ஆகிறது. அப்படிப் பதனிட்ட தோலைப் பறையில் கட்டினால் அடி 'தொப்'பென்று விழும், நாதம் எழாது. பறைக்கு வேண்டியது பதனிடாமல் விறைத்துக் காய்ந்த தோல். சட்டத்தின் விளிம்பில் புளியங்கொட்டைப் பசை தடவி, ஈரத்தோலை இழுத்துப் போர்த்தி, ஓரத்தில் துளையிட்டு வாரால் பின்னிக் காயவிடுவார்கள். ஊரைச் சுற்றி எத்தனை டேனரி இருந்தாலும், வேலை முடிந்து வெளியே வரும் தோலால் பறைக்காரருக்குப் பயன் இல்லை.

ஆடப் போகும் முன் பறையைக் காய்ச்சுவது தனி வேலை. வைக்கோலையோ பழைய காகிதத்தையோ கொளுத்தி, அந்தச் சூட்டில் தோலைக் காட்டுவார்கள். ஈரம் இழுத்துத் தளர்ந்திருந்த தோல் மெல்ல இறுகும். நடுவில் விரல் நுனியால் தட்டிப் பார்ப்பார்கள். மந்தமாக இருந்த ஒலி கணீரென்று மாறியதும் பறையைத் தீயிலிருந்து விலக்கிவிட வேண்டும். சற்று அசந்தால் தோல் கருகி வெடித்துவிடும். மழைநாளிலும் பனி இறங்கும் மார்கழி, தை மாதங்களிலும் வழியிலேயே நின்று மறுபடி காய்ச்ச வேண்டியிருக்கும்.

அடிக்க இரண்டு குச்சிகள். இடக்கையில் மூங்கிலில் சீவிய நீண்ட மெல்லிய சிண்டுக்குச்சி, வலக்கையில் பூவரசு மரத்தில் செய்த குட்டையான, தடித்த அடிக்குச்சி. தடித்தது தோலின் நடுவில் இறங்கும். மெல்லியது இடையிடையே விழுந்து நிரப்பும். இந்த இரண்டும் பின்னிக்கொள்ளும் விதத்தில்தான் அடிகளின் வகை பிறக்கிறது: சாமிச்சாட்டு அடி, மருள் அடி, சப்பரத்து அடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி, ஒத்தையடி எனப் பல. சினிமா அடி என்றும் ஒன்று உண்டு. மரபைக் காப்பாற்றுவதாகச் சொல்பவர்கள் அதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். ஆனால் பறைக்காரர்கள் எந்தக் காலத்திலும் கேட்பவர் காதுக்கு ஏற்ப அடி சேர்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

ஆட்டம்

முழங்காலைச் சற்று மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி நிற்பது அடிப்படை நிலை. பறையின் கனத்தைத் தோள் தாங்க, உடல் ஒரு பக்கம் சாய்ந்துகொடுக்கும். அங்கிருந்து குதித்தல், சுழலுதல், எதிரெதிராக நின்று ஒருவர் அடிக்கு மற்றவர் பதில் சொல்லுதல். வரிசை பிறையாக வளையும், வட்டமாக மூடும். முன்னால் நிற்கும் ஆசான் அடியை மாற்றினால் சொல்லாமலே மற்றவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். பயிற்சி என்பது பெரும்பாலும் இதைப் பிடிக்கும் பழக்கம்தான். சாவு வீட்டிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும்போது ஆட்டம் முன்னோக்கியே நகரும், தெரு அகலத்துக்குள் அடங்கும். மேடையில் ஆடும் குழுக்கள் பார்வையாளரை நோக்கித் திரும்பி நிற்கக் கற்றுக்கொண்டது அண்மைக் காலத்தில்தான்.

பம்பை, உடுக்கை, சிலம்பு சேர்ந்த கோயில் இசைக்கும், செய்யாறு வட்டாரத்துப் புரிசை முதலிய ஊர்களின் தெருக்கூத்துக்கும் வடமாவட்டங்களில் செல்வாக்கு அதிகம். எனவே இங்கே பறை பெரும்பாலும் தனி ஒலியாக இருந்ததில்லை. மாசி மாதம் சிவராத்திரியை ஒட்டி வரும் மயானக் கொள்ளையன்று வேலூர்ப் பாலாற்றங்கரைக்கு அங்காளம்மன் ஊர்வலங்கள் வரும்போது எல்லாத் தோற்கருவிகளும் ஒன்றாக முழங்கும். வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மனின் தலை மட்டும் ஊர்வலமாக வந்து கோயிலில் உடலோடு பொருத்தப்படும். மேளங்களோடு சிலம்பாட்டமும் புலிவேடமும் கூட வரும். திருவிழாவுக்குப் பின்னால் இருப்பது ரேணுகாதேவியின் கதை; வெட்டுண்ட அவள் தலை தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண் ஒருத்தியின் உடலோடு மாறிப் பொருந்தியது என்பது இங்கே வழங்கும் வடிவம். சேரிக்கும் ஊருக்கும் இடையே இருந்த தூரத்தை இந்தக் கதையளவு வெளிப்படையாக ஒத்துக்கொண்ட சடங்குகள் குறைவு.

பழமை

ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் ஒன்றாக வைக்கிறது தொல்காப்பியம். உரையாசிரியர்கள் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று வகுத்தார்கள். புறநானூற்றின் 335-ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நான்கு குடிகளை உயர்வாகவே பேசுகிறது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் நிலைமை மாறியிருக்கிறது. ஆதனூர் நந்தனார் சிவன் கோயில்களின் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் அதை இழுத்துக் கட்டும் விசிவாரும் கொடுக்கிறார். அந்தக் கோயில்களுக்குள் அவர் போக முடியாது. அவர் கொடுத்த தோல் மட்டும் உள்ளே போயிற்று.

பாலாற்றங்கரையில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து டேனரிகள் பெருகின. பச்சைத்தோல் வாங்கிப் பதனிட்டுக் கப்பலேற்றிய முஸ்லிம் வணிகர்களின் கொடையில்தான் 1919-இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி போன்ற நிறுவனங்கள் வந்தன. குழிகளில் இறங்கி நின்றவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். முதலாளிக்குத் தோல் ஒரு சரக்கு. தொழிலாளிக்கோ அது சாதியின் அடையாளமாகவே நீடித்தது. கூலி கிடைத்ததால் சிலருக்கு ஊரை நம்பி வாழும் நிலை தளர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மறுப்பும் மீட்பும்

பறையின் 20-ஆம் நூற்றாண்டு வரலாறு ஆட்டக் கலையின் வரலாறு அன்று. அடிக்க மாட்டோம் என்று சொன்னவர்களின் வரலாறு. சாவுக்குப் பறை அடிப்பதும், செத்த மாட்டை இழுப்பதும், தோலுரிப்பதும் கூலியில்லா ஊர்வேலையாகச் சுமத்தப்பட்டிருந்தன. தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் போன்றோர் பறையடிக்க மறுக்கும் போராட்டங்களை நடத்தினார்கள். அம்பேத்கர் இயக்கம் வேரூன்றிய வட ஆர்க்காட்டிலும் அந்தக் குரல் உரக்க ஒலித்தது. 1989-இல் மாவட்டத்துக்கே அம்பேத்கர் பெயர் வைக்கப்பட்டது. தீண்டாமையின் பேரால் தோலுரிக்கவோ செத்த விலங்கை அகற்றவோ ஒருவரை வற்புறுத்துவது குற்றம் என்ற பிரிவு 1976-இல் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்தது.

இந்த மறுப்புக்கு எதிர்த்திசையில் இன்னொரு அலை 1990-களில் எழுந்தது. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் நடத்திய தலித் கலை விழாக்களில் பறை உரிமைக் குரலின் கருவியாக மேடை ஏறியது. சகோதரி சந்திரா 1990-இல் திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையம் ஆண்களின் கருவியாக இருந்ததைப் பெண்கள் தோளில் மாட்டியது. அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் இந்த மீட்பு பற்றி ஆவணப்படங்கள் எடுத்திருக்கிறார். இரண்டு அலைகளும் ஒன்றையொன்று மறுப்பதாகப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாருக்காக, யார் சொல்லி, என்ன கூலிக்கு அடிப்பது என்பதுதான் இரு தரப்பின் கேள்வியும். மறுக்கும் உரிமை கிடைத்த பிறகே விரும்பி அடிப்பதற்குப் பொருள் வந்தது.

ஆட்டமும் தோலும் விலக்கும் பின்னிய இந்த முடிச்சு தமிழகத்துக்கு மட்டும் உரியது அன்று என்பது கடல் கடந்து சோமாலியாவைப் பார்த்தால் புரியும். ஒட்டகம் மேய்க்கும் அந்தச் சமூகத்தில் தான்தோ என்னும் ஆட்டம் ஒட்டகத்தின் நடையைப் பாவிப்பது. பெண்களின் புராம்புர் பாட்டும் முழவும் கைத்தட்டும் ஆட்டமும் சேர்ந்தது. இரண்டும் இன்று தேசியப் பெருமைகள். ஆனால் அதே நாட்டில் வேட்டையும் தோல் வேலையும் செய்துவந்த மதிபான் மக்களுக்கு மற்றக் குலத்தார் மரபாகப் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதுமில்லை. ஆட்டத்தைக் கொண்டாடும் ஊரே தோல் தொட்ட கையை விலக்குகிறது.

இன்று

தமிழ்நாடு அரசு 2007-இல் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் அமைத்தது. அதே ஆண்டு தொடங்கிய சென்னை சங்கமம் நகரத்தாருக்குப் பறையை அறிமுகம் செய்தது. வாணியம்பாடியிலிருந்து எல்லை கடந்தால் ஆந்திரத்தில் டப்பு, கர்நாடகத்தில் தமட்டை என்று இதே குடும்பத்துக் கருவிகள்தாம். சிக்கபல்லாபூரின் தமட்டைக் கலைஞர் முனிவெங்கடப்பாவுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2025-இல் மதுரைப் பக்கத்துப் பறை ஆசான் வேலு ஆசானுக்கும் கிடைத்தது.

கருவியும் மாறிவருகிறது. மரச்சட்டத்துக்குப் பதில் இரும்பு வளையம், தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் போட்ட பறைகள் இப்போது சாதாரணம். காய்ச்ச வேண்டாம், மழைக்கு அஞ்ச வேண்டாம், பள்ளிப் பிள்ளைகளுக்கும் கனமில்லை. ஒலி மட்டும் தட்டையாக, ஒரே உயரத்தில் நிற்கிறது. நாலு அடி கேட்டாலே பழகிய காது கண்டுபிடித்துவிடும். தோல் பறை கட்டித் தருபவர்கள் குறைந்துகொண்டே வருவதால், ஒலிக்காக மட்டுமே தோல் தேடும் குழுக்கள் ஒரு பறைக்காக மாவட்டம் விட்டு மாவட்டம் போய் வாங்குகின்றன.