தமிழ்க் கிறித்தவ இறைவேண்டல்

தமிழ்க் கிறித்தவ இறைவேண்டல் என்பது தமிழ் பேசும் கிறித்தவர்கள் கடவுளை நோக்கி எழுப்பும் வேண்டுதல்களையும், அவை யாரை நோக்கி, யார் வழியாக, எச்சொற்களால் அமைய வேண்டும் என்பது பற்றிய மரபுகளையும் குறிக்கும். கத்தோலிக்கர் இதனைச் செபம் என்றும், சீர்திருத்தத் திருச்சபையினர் ஜெபம் என்றும் பெரும்பாலும் வழங்குவர். இரண்டும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவை. மன்றாட்டு, வேண்டுதல், இறைவேண்டல் ஆகிய சொற்களும் வழக்கில் உள்ளன.

தந்தையாகிய கடவுளை நோக்கி, மகனாகிய இயேசு கிறித்து வழியாக, தூய ஆவியின் துணையால் வேண்டுவது கிறித்தவ இறைவேண்டலின் பொது அமைப்பு ஆகும். ஆயினும் இயேசுவை நேரடியாக விளிக்கலாமா, புனிதர்களின் பரிந்துரையை நாடலாமா என்பன போன்ற வினாக்களுக்குத் திருச்சபைகள் ஒரே விடையைத் தரவில்லை.

விவிலிய அடிப்படை

இயேசு தம் சீடர்களுக்குக் கற்பித்த இறைவேண்டல் மத்தேயு (6:9–13), லூக்கா (11:2–4) ஆகிய நற்செய்தி நூல்களில் இரு வடிவங்களில் காணப்படுகிறது. இரண்டிலும் விளிக்கப்படுபவர் தந்தையே. மத்தேயு நற்செய்தியில் இதற்கு முன்னுரையாக இரு எச்சரிக்கைகள் உள்ளன. பிறர் காண வேண்டும் என்பதற்காக வேண்டக்கூடாது என்பது ஒன்று. சொற்களை அடுக்கிக்கொண்டே போவதால் கடவுள் செவிசாய்ப்பார் என்று எண்ணக்கூடாது என்பது மற்றொன்று.

யோவான் நற்செய்தி (16:23) தந்தையிடம் இயேசுவின் பெயரால் கேட்குமாறு கூறுகிறது. சீர்திருத்தத் திருச்சபையினர் இயேசுவின் நாமத்தைச் சொல்லி வேண்டுதலை முடிக்கும் வழக்கம் இதனை ஒட்டியது. எவ்வாறு வேண்டுவது என்று அறியாத மனிதருக்காகத் தூய ஆவியே பரிந்து பேசுகிறார் என்று பவுல் எழுதுகிறார் (உரோமையர் 8:26).

இயேசுவை நேரடியாக விளிக்கும் வேண்டுதல்களும் புதிய ஏற்பாட்டில் உண்டு. ஸ்தேவான் கல்லெறியுண்டு இறக்கும்போது இயேசுவை நோக்கியே வேண்டினார் (திருத்தூதர் பணிகள் 7:59). ஆண்டவரின் வருகையை வேண்டும் "மாரநாதா" என்ற அரமேயச் சொல்லை, கிரேக்கத்தில் எழுதிய பவுல் மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்துள்ளார் (1 கொரிந்தியர் 16:22). இவ்விளிப்பு மிகத் தொன்மையானது என்பதற்கு இது சான்றாகக் கொள்ளப்படுகிறது.

தொடக்கத் திருச்சபையில்

திருத்தூதர்களின் போதனை எனப்படும் "திதாக்கே" நூல், இயேசு கற்பித்த இறைவேண்டலை நாள்தோறும் மூன்று முறை சொல்லுமாறு பணிக்கிறது. 3 ஆம் நூற்றாண்டில் ஒரிஜன் இறைவேண்டல் பற்றித் தனி நூல் எழுதினார். முழுமையான பொருளில் வேண்டுதல் தந்தைக்கே உரியது, மகன் வழியாகவே அது செலுத்தப்பட வேண்டும் என்பது அவர் கருத்து. கி.பி. 397 இல் கூடிய கார்த்தேசுச் சங்கம், பலிபீடத்தில் சொல்லப்படும் வேண்டுதல் எப்போதும் தந்தையை நோக்கியே அமைய வேண்டும் என்று விதித்தது.

இதற்கிடையில் 4 ஆம் நூற்றாண்டில் ஒரு சிக்கல் எழுந்தது. "மகன் வழியாக" என்ற சொல்லாட்சியைக் காட்டி, மகன் தந்தையினும் தாழ்ந்தவர் என்று ஆரியக் கொள்கையினர் வாதிட்டனர். செசரியா நகரப் பசிலியார் தூய ஆவி பற்றிய தம் நூலில் இதற்கு மறுமொழி அளித்தார். "மகன் வழியாக, ஆவியில்" என்பதும் "மகனோடும் ஆவியோடும்" என்பதும் ஆகிய இரு வடிவங்களும் சரியானவையே என்று அவர் நிறுவினார். தந்தையோடும் மகனோடும் தூய ஆவியும் வழிபடப்படுகிறார் என்பது கி.பி. 381 ஆம் ஆண்டின் கான்சுடான்டிநோபிள் சங்கத்தோடு தொடர்புடைய நம்பிக்கை அறிக்கையில் இடம்பெற்றது. ஒரு சிறு வேற்றுமை உருபு கடவுள் கொள்கையையே மாற்றிவிடக் கூடும் என்பதை இவ்விவாதம் காட்டுகிறது.

தமிழ் மண்ணில்

பரங்கிமலைச் சிலுவை

சென்னைப் பரங்கிமலையில் 1547 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் கண்டெடுத்த கற்சிலுவையைச் சுற்றிப் பகலவி மொழி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. இதன் வாசிப்பில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பரவலாக ஏற்கப்படும் ஒரு வாசிப்பின்படி, சிலுவையைச் செய்தவர் மீது இரங்குமாறு மெசியாவை வேண்டும் மன்றாட்டு இதுவாகும். இவ்வாசிப்பு சரியெனின், இப்பகுதியில் எஞ்சியுள்ள மிகப் பழைய கிறித்தவ வேண்டுதல்களில் ஒன்று கிறித்துவையே நேரடியாக விளிக்கிறது எனலாம்.

முத்துக்குளித்துறை

1542 இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிசு சவேரியார், தமிழும் போர்த்துக்கேயமும் அறிந்தோரின் துணையுடன் அடிப்படை வேண்டுதல்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து கற்பித்தார். மொழிபெயர்ப்பில் ஒரு பிழை நேர்ந்தது. "நம்புகிறேன்" என்று பொருள்பட வேண்டிய இடத்தில் "வேணும்" என்ற சொல் இடம்பெற்றிருந்தது. அச்சொல்லுக்கு விருப்பம் என்றே பொருள் என்பதை அறிந்த சவேரியார், அதனை விடுத்து "விசுவாசம்" என்ற சொல்லை ஆளுமாறு 1544 இல் தம் உடன்பணியாளர் மன்சிலாசுக்கு மடல் எழுதினார்.

1554 இல் லிசுபனில் தமிழ் வேண்டுதல்கள் உரோமன் எழுத்தில் அச்சாயின. அன்றிக்கு அடிகளார் எனப்படும் என்றீக்கே என்றீக்கசு ஆக்கிய "தம்பிரான் வணக்கம்" 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சேறியது. 16 பக்கங்கள் கொண்ட இந்நூல், இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் ஆகும். அடுத்த ஆண்டில் கொச்சியில் "கிரிசித்தியானி வணக்கம்" வெளிவந்தது.

கடவுளைக் குறிக்கும் சொற்கள்

வேண்டுதலில் கடவுளை எப்பெயரால் விளிப்பது என்பது தமிழில் நான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாக விவாதிக்கப்பட்ட பொருள் ஆகும். காலந்தோறும் வழங்கிய முதன்மைச் சொற்கள் வருமாறு:

• தம்பிரான் – 16 ஆம் நூற்றாண்டில் அன்றிக்கு அடிகளார் ஆண்ட சொல். சைவ மரபிலும் வழங்குவது.
• சர்வேசுரன் – 17 ஆம் நூற்றாண்டில் மதுரையில் பணியாற்றிய இராபர்ட் தெ நோபிலி ஆண்ட சொல். கத்தோலிக்கரிடையே நெடுங்காலம் நிலைத்தது.
• பராபரன் – 18 ஆம் நூற்றாண்டில் சென்னை வேப்பேரியில் பணியாற்றிய பப்ரிசியுசின் விவிலியத்தில் இடம்பெற்றது.
• தேவன் – 1871 இல் நிறைவுற்ற, ஹென்றி பவர் தலைமையிலான மொழிபெயர்ப்பில் இடம்பெற்றது. சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் பெருவழக்கு.
• கடவுள் – 1995 இல் வெளியான "திருவிவிலியம்" பொது மொழிபெயர்ப்பில் இடம்பெற்றது.

ஒவ்வொரு சொல்லும் வேறு சமய மரபுகளிலும் பொருள் கொண்டிருந்தது. மக்களுக்குப் புரியும் சொல் வேண்டும் என்ற தேவையும், பழைய பொருளோடு கலந்துவிடக் கூடாது என்ற அச்சமும் இம்மாற்றங்களுக்குக் காரணமாக இருந்தன. போர்த்துக்கேயத்திலிருந்து வந்த "இசுபிரீத்து சாந்து" என்பது பின்னர் பரிசுத்த ஆவி எனவும், கத்தோலிக்கரிடையே தூய ஆவி எனவும் மாறியது.

முன்னிலைச் சொல்

தமிழ்க் கிறித்தவ உரைநடை வேண்டுதல்கள் கடவுளை "நீர்" என்றே பெரும்பாலும் விளிக்கின்றன. வினைகளும் தாரும், வாரும், இரங்கும் என அதற்கேற்ப அமைகின்றன. கிரேக்க மூலத்திலும் இலத்தீனிலும் உள்ளவை இயல்பான ஒருமை வடிவங்களே. மதிப்புத் தரும் தனி வடிவங்கள் அல்ல. தமிழில் "நீ" என்பது நெருக்கத்தையும், "நீங்கள்" என்பது மதிப்போடு பன்மையையும் காட்டும். ஒருவரையே சுட்டுவதாலும் மதிப்புக் குறையாததாலும் "நீர்" பொருத்தமாயிற்று. அன்றாடப் பேச்சில் இச்சொல் பல வட்டாரங்களில் அருகிவிட்டதால், இன்று அது வழிபாட்டுக்கே உரிய நடையாகத் தோன்றுகிறது. இசைப்பாடல்களில் "நீ" என்ற விளிப்பும் உண்டு. இறைவனை நெருங்கி நின்று பாடும் தமிழ்ப் பக்தி மரபோடு இது ஒத்துப்போகிறது.

புனிதர்களின் பரிந்துரை

புனிதர்களை நோக்கி வேண்டலாமா என்பது திருச்சபைகளைப் பிரிக்கும் முதன்மை வினா ஆகும். கத்தோலிக்க, கிழக்கு மரபுத் திருச்சபைகள் கடவுளுக்குரிய ஆராதனையையும் புனிதர்க்குரிய வணக்கத்தையும் வேறுபடுத்துகின்றன. இவ்வேறுபாட்டைக் கி.பி. 787 இல் இரண்டாம் நிசேயா சங்கம் வகுத்துரைத்தது. மரியாவிடம் கேட்பது, அவர் தமக்காகக் கடவுளிடம் பரிந்து பேச வேண்டும் என்பதே என்று கத்தோலிக்கர் விளக்குவர். செபமாலை, நவநாள், செப்டம்பர் 8 அன்று நிறைவுறும் வேளாங்கண்ணித் திருவிழா ஆகியன இம்மரபைச் சார்ந்தவை.

சீர்திருத்தத் திருச்சபைகள் இதனை ஏற்பதில்லை. கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே கிறித்து ஒருவரே இணைப்பாளர் (1 திமொத்தேயு 2:5) என்பது அவற்றின் வாதம். 1530 ஆம் ஆண்டின் ஆக்சுபர்க்கு அறிக்கை, புனிதர்களை நினைவுகூர்வதை ஏற்று, அவர்களிடம் உதவி வேண்டுவதை மறுக்கிறது. மறுமொழியாக, பரிந்துரை வேண்டுவது நல்லதும் பயனுள்ளதும் என்று திரெந்துச் சங்கம் 1563 இல் அறிவித்தது. உயிரோடிருக்கும் ஒருவரைத் தமக்காக வேண்டுமாறு கேட்பதை இரு தரப்பாரும் ஏற்கின்றனர். எனவே, இறந்தோரிடம் அவ்வாறு கேட்கலாமா என்பதே உண்மையான வேறுபாடு.

ஒரகடம் – திருப்பெரும்புதூர் பகுதி

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர் தொழிற்பகுதிகளில் 1990களின் இறுதியிலிருந்து வாகனத் தொழிற்சாலைகள் பெருகின. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, சார்க்கண்டு, அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் இங்கு வருகின்றனர். இரவுப் பணிமுறை (ஷிப்டு), பகிர்ந்து வாழும் அறை ஆகிய சூழல்களில் வேண்டுதலின் நேரமும் இடமும் நடைமுறை வினாக்களாகின்றன. கதவை அடைத்து உள்ளறையில் வேண்டுமாறு மத்தேயு நற்செய்தி கூறுவது, தனியறையைக் கட்டாயமாக்குவதன்று. பிறர் பாராட்டை நாடாத மனநிலையைக் குறிப்பது என்பதே பொதுவான விளக்கம். ஞாயிறன்று பணிக்குச் செல்லும் கத்தோலிக்கர், 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1248 ஆம் விதிப்படி, சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றே ஞாயிறு கடமையை நிறைவேற்றலாம்.

பல சபையினர் ஒன்றாக வேண்டும்போது இயேசு கற்பித்த இறைவேண்டலே பொதுவாக அமைகிறது. அப்போதும் சொற்கள் வேறுபடுகின்றன. ஒருவர் பிதா, பரமண்டலம், ராஜ்யம் என்னும்போது மற்றவர் தந்தை, விண்ணகம், ஆட்சி என்பார். இறுதியில் உள்ள புகழுரையைச் சீர்திருத்தத் திருச்சபையினர் தொடர்ந்து சொல்வர். கத்தோலிக்கர் அதற்கு முன்பே நிறுத்திவிடுவது வழக்கம்.

வைணவ மரபுடன் ஒப்பீடு

திருப்பெரும்புதூர் வைணவ ஆசாரியர் இராமானுசரின் பிறப்பிடம் ஆகும். அவர் பெயரால் வழங்கும் "சரணாகதி கத்யம்" முதலில் திருமகளைச் சரணடைந்து, பின்னர் நாராயணனை நாடுகிறது. திருமகள் அடியார்க்காகப் பரிந்து பேசுவதை வைணவர் "புருசகாரம்" என்பர். மரியாவின் பரிந்துரையோடு இது ஒப்பிடத்தக்கது. ஆயினும் திருமகள் இறைவனை விட்டுப் பிரியாத தெய்வமாகக் கருதப்படுகிறார். கத்தோலிக்கக் கொள்கையில் மரியா படைக்கப்பட்ட மனிதரே.

இவற்றையும் பார்க்க

• தம்பிரான் வணக்கம்
• தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகள்
• மூவொரு கடவுள்
• செபமாலை
• பரங்கிமலை