தேய்மானத்தின் கதை: வி.சி.ஆரும் அதைப் பழுது பார்த்தவர்களும்

வி.சி.ஆர். என்றதும் எல்லோரும் எழுதுவது ஒரே கதைதான். சோனியின் பீட்டாமேக்ஸ், ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ்., இரண்டுக்கும் நடந்த சண்டை, கடைசியில் வி.எச்.எஸ். ஜெயித்தது. மேலாண்மை வகுப்புகளில் இந்தக் கதை தவறாமல் வரும். ஆனால் ஜெயித்த பிறகு அந்தப் பெட்டி நம் வீடுகளில் எப்படிப் பிழைத்தது, யார் அதைப் பிழைக்க வைத்தார்கள் என்று அதிகம் பேர் எழுதியதில்லை. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

பி.காம். படிப்பவர்களுக்குத் 'தேய்மானம்' என்ற பாடம் தெரிந்திருக்கும். ஓர் இயந்திரத்தை வாங்கினால் வருடா வருடம் அதன் மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். புத்தகத்தில் அது வெறும் எண். எதுவும் எங்கேயும் உரசுவதில்லை. வி.சி.ஆரிலோ அந்தச் சொல்லுக்கு நேரடி அர்த்தமே உண்டு. தலை தேயும், ரப்பர் தேயும், நாடா தேயும். இந்தத் தேய்மானத்தோடு மனிதர்கள் நடத்திய போராட்டம்தான் வி.சி.ஆரின் உண்மையான வரலாறு என்பது என் எண்ணம்.

நிலையத்திலிருந்து வீட்டுக்கு

நாடாவில் படம் பதியும் இயந்திரத்தை முதலில் வெற்றிகரமாக விற்பனைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம், 1956-ல். சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையில் ஒரு சிறிய குழு அதை உருவாக்கியது. (பின்னாளில் ஒலித் தொழில்நுட்பத்தில் பெரும் பெயர் எடுத்த ரே டால்பியும் அந்தக் குழுவில் ஒருவர்.) நாடாவின் அகலம் இரண்டு அங்குலம். விலை ஏறத்தாழ 50,000 டாலர்! அதே ஆண்டு நவம்பர் 30-ம் தேதி சி.பி.எஸ். தொலைக்காட்சி தன் செய்தி நிகழ்ச்சியை அதில் பதிந்து, மேற்குக் கரை நேயர்களுக்குத் தாமதமாக ஒளிபரப்பியது.

அந்த இயந்திரத்திலும் தலைகள் தேய்ந்தன. ஆனால் அது இருந்த இடம் தொலைக்காட்சி நிலையம். பக்கத்திலேயே சம்பளம் வாங்கும் பொறியாளர்கள் இருந்தார்கள். தேய்ந்தால் கழற்றுவார்கள், மாட்டுவார்கள். அந்தச் செலவு நிலையத்தின் கணக்கில் போய்விடும்.

1971-ல் சோனி யூ-மேட்டிக் என்ற இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாடா கேசட்டுக்குள் அடங்கியது. அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் நிறுவனங்கள்தான். வீட்டைக் குறிவைத்து 1975-ல் பீட்டாமேக்ஸ் வந்தது. 1976-ல் ஜே.வி.சி. தன் எச்.ஆர்.-3300 மாடலை ஜப்பானில் விற்கத் தொடங்கியது. அதுதான் முதல் வி.எச்.எஸ். இயந்திரம். எடை 13.5 கிலோ, விலை 2,56,000 யென். யூமா ஷிராய்ஷி, ஷிஸுவோ தகானோ ஆகிய இருவரும் இதன் பின்னால் இருந்த முக்கியமான பொறியாளர்கள்.

இங்கேதான் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. நிலையத்தில் பொறியாளர் பார்த்துக்கொண்ட வேலையை வீட்டில் யார் பார்ப்பது? நுட்பத்தில் ஆம்பெக்ஸின் வாரிசான ஓர் இயந்திரம், துணி மடிக்கும் அலமாரிக்குப் பக்கத்தில், மேலே பூப்போட்ட உறையோடு உட்கார்ந்துவிட்டது. பராமரிக்க ஆள் இல்லை.

உள்ளே என்னதான் நடக்கிறது?

எங்கே தேய்கிறது என்று புரிய வேண்டுமானால், எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பாட்டுக் கேசட்டில் நாடா ஓடும், தலை அசையாமல் இருக்கும். படத்துக்கு இந்த முறை போதாது. ஒலியைவிடப் படத்துக்குப் பல நூறு மடங்கு தகவல் பதிய வேண்டும். அந்த வேகத்தில் நாடாவை ஓட்டினால் ஒரு படத்துக்குப் பல கிலோமீட்டர் நாடா தேவைப்படும். அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். நாடாவை மெதுவாக விட்டுவிட்டு, தலையைச் சுழற்றினார்கள்.

வி.எச்.எஸ். இயந்திரத்தில் 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை (டிரம்) சாய்வாக நிற்கும். அதன் விளிம்பில் எதிரெதிரே குறைந்தது இரண்டு தலைகள். நம் நாட்டில் இருந்த பால் முறையில் அந்த உருளை நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும். நாடாவோ விநாடிக்கு 23.39 மில்லிமீட்டர்தான் நகரும். பாட்டுக் கேசட் நாடா நகரும் வேகத்தில் பாதிகூட இல்லை! ஆனால் தலை நாடாவை உரசும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 4.85 மீட்டர். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மூன்று மணி நேரக் கேசட் ஒன்றை முழுதாக ஓட்டினால், இரண்டு தலைகளும் சேர்ந்து நாடாவின்மேல் உரசும் தூரம் 50 கிலோமீட்டருக்கு மேல். கிட்டத்தட்ட சென்னையிலிருந்து செங்கல்பட்டு வரை. தேயாமல் என்ன செய்யும்?

இது போதாதென்று, கேசட்டை உள்ளே தள்ளியதும் இரண்டு சிறு தூண்கள் நாடாவை வெளியே இழுத்து உருளையைச் சுற்றிப் போர்த்த வேண்டும். பிறகு ஒரு மெல்லிய உலோகத் தண்டும் அதை அழுத்தும் ரப்பர் உருளையும் நாடாவைச் சீரான வேகத்தில் இழுக்க வேண்டும். கடைசியாக எடுக்கும் சக்கரம் அதைச் சுருட்டிக்கொள்ள வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் படம் நிற்கும், அல்லது நாடா சிக்கும்.

பழுதும் வைத்தியமும்

அடிக்கடி வரும் நோய் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரிவது. தலையில் காந்தத்தை வாங்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதில் ஒரு துளி அழுக்கு போதும், படம் போய்விடும். மருந்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய தோலும். மூடியைத் திறந்து, நனைத்த தோலை உருளையில் லேசாக ஒட்டிவைத்துக்கொண்டு, மறு கையால் உருளையை மெதுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் தலை உடைந்துவிடும், ஏனென்றால் அது ஃபெரைட் என்ற நொறுங்கும் பொருளால் ஆனது. காதுக்குப் பயன்படுத்தும் பஞ்சுக் குச்சியும் கூடாது. அதன் நூல் தலையில் மாட்டினால் கதை முடிந்தது.

கடைகளில் 'ஹெட் கிளீனர்' என்று தனிக் கேசட்டும் கிடைத்தது. உலர் வகைக் கேசட்டுகள் அழுக்கைச் சுரண்டி எடுப்பவை. அளவாகப் பயன்படுத்தினால் சரி. படம் நன்றாக இருக்கும்போதும் வாராவாரம் போட்டால் தலையையும் சேர்த்துச் சுரண்டிவிடும்.

இரண்டாவது நோய், 'டேப்பைத் தின்றுவிட்டது' என்பார்களே, அது. பெரும்பாலும் குற்றவாளி ஒரு சின்ன ரப்பர் வளையம். எடுக்கும் சக்கரத்தைச் சுற்ற வைப்பது அதுதான். ரப்பர் காய்ந்து வழுக்கினால் சக்கரம் நிற்கும். நாடா மட்டும் வந்துகொண்டே இருக்கும், உள்ளே குவியும். சக்கரம் சுற்றுகிறதா என்று கவனிக்க உணரி உண்டு. சுற்றாவிட்டால் சில விநாடிகளில் இயந்திரம் தானே நின்றுவிடும். ஆனால் அதற்குள் நாடா கசங்கியிருக்கும். அறுந்த நாடாவை செல்லோடேப் போட்டு ஒட்டுவது இதைவிட மோசம். அந்த ஒட்டு உருளையைக் கடக்கும்போது தலை போய்விடக்கூடும்.

இன்னொரு வேடிக்கையான பழுதும் உண்டு. நாடாவின் இரு முனைகளிலும் ஒளி ஊடுருவும் பகுதி இருக்கும். கேசட்டின் நடுவில் ஒரு விளக்கு எரியும். ஒளி பக்கத்தில் உள்ள உணரியில் பட்டால் 'நாடா முடிந்தது' என்று இயந்திரம் தெரிந்துகொள்ளும். பழைய மாடல்களில் அந்த விளக்கு ஒரு சாதாரண சின்ன பல்பு. அது ஃபியூஸ் போனால் இயந்திரம் எந்தக் கேசட்டையும் ஓட்ட மறுக்கும். பார்ப்பவர்களுக்கு மொத்தமும் செத்துவிட்டது போலத் தெரியும். உண்மையில் போனது ஒரு பல்பு!

நம் ஊர்க் கணக்கு

1982 இந்தியாவுக்கு முக்கியமான ஆண்டு. ஆகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷன் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது. நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. வண்ணத் தொலைக்காட்சியோடு வி.சி.ஆரும் வேகமாகப் பரவியது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்பும்போது கொண்டுவந்த பொருட்களிலும் அது உண்டு. தமிழ்நாட்டில் அதற்கு ஒரே பெயர் 'டெக்'. சொந்தமாக வாங்க முடியாதவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். திருவிழா, காதுகுத்து, பொங்கல் என்றால் டி.வி.யும் டெக்கும் வந்து இறங்கும். இரவு தொடங்கி விடியும்வரை மூன்று, நான்கு படங்கள் ஓடும். 1984-ல் வி.சி.ஆர். மூலம் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு மத்திய அரசும் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் திருட்டுப் பிரதிகளுக்கான தண்டனையைக் கூட்டியது.

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். இயந்திரம் எத்தனை வருடம் பழையது என்று பார்க்காமல், எத்தனை மணி நேரம் ஓடியது என்று பார்த்துத் தேய்மானம் கணக்கிடும் முறைக்கு 'இயந்திர மணி வீத முறை' என்று பெயர். வாரம் ஒரு படம் பார்க்கும் வீட்டில், படத்துக்கு இரண்டரை மணி நேரம் என்றால் டெக் ஆயிரம் மணி நேரம் ஓட ஏழெட்டு வருடம் ஆகும். வாடகை டெக்குக்கு இரவுக்கு நான்கு படம் என்றால் நூறே இரவுகள் போதும். அதோடு வாடகைக் கேசட்டுகள் பல கை மாறியவை. தூசியும் பூஞ்சையும் ஒரு கேசட்டிலிருந்து தலைக்கும், தலையிலிருந்து அடுத்த கேசட்டுக்கும் தொற்றும்.

இந்தத் தேய்மானத்தைச் சமாளித்தவர்கள் தெருமுனையில் ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் பழுது பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்குகள். சென்னை ரிச்சி தெருவில் பெல்ட், ரப்பர் உருளை, தலை என்று உதிரி பாகம் வாங்கி, காதால் கேட்டும் கண்ணால் பார்த்தும் ஓட வைத்தார்கள். அந்த வகையில், ஆம்பெக்ஸ் காலத்து நிலையப் பொறியாளரின் இடத்தை நம் தெருவில் நிரப்பியது அவர்கள்தான். வாடகைத் தொழிலே அவர்கள் கையை நம்பித்தான் நடந்தது.

கணக்கு திரும்பியது

1977-ல் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. தன் வி.எச்.எஸ். இயந்திரத்தை 1000 டாலருக்கு விற்றது. அவ்வளவு விலைக்கு வாங்கிய பொருளைப் பழுது பார்க்க நூறு டாலர் கேட்டாலும் யாரும் யோசிக்க மாட்டார்கள். 1990களின் இறுதியில் அங்கே புது வி.சி.ஆரே 100 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. கனமான உலோகச் சட்டம் போய் பிளாஸ்டிக் வந்தது. இயந்திரம் லேசானது, மலிவானது. ஆனால் மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலி மலிவாகவில்லையே! பழுது பார்க்கும் செலவு புதியதன் விலையைத் தொட்ட அன்றே வி.சி.ஆரின் விதி எழுதப்பட்டுவிட்டது. 1996 நவம்பரில் ஜப்பானில் வந்த டி.வி.டி. அதை முடித்துவைத்தது. நம் ஊரில் அந்த வேலையில் பாதியை வி.சி.டி.யே செய்துவிட்டது.

2008-ல் ஜே.வி.சி. தனி வி.எச்.எஸ். இயந்திரங்கள் தயாரிப்பதை நிறுத்தியது. கடைசியாக மிஞ்சியது ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம். உச்சத்தில் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி இயந்திரம் விற்ற அது, 2015-ல் ஏழரை லட்சம் விற்று, 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது. விற்பனை குறைந்ததோடு, உதிரி பாகம் கிடைப்பது கடினமாகிவிட்டது என்பதும் அவர்கள் சொன்ன காரணம். 2024-ல் ஃபுனாய் மின்னணு நிறுவனமே திவாலானது.

பூஜ்யத்துக்குப் பிறகு

கணக்குப் புத்தகப்படி எல்லா வி.சி.ஆரின் மதிப்பும் எப்போதோ பூஜ்யம். ஆனால் ஒரு சிக்கல். 80களிலும் 90களிலும் நடந்த கல்யாணங்கள் இன்னும் கேசட்டில்தான் இருக்கின்றன. சினிமாப் படம் போனால் வேறு பிரதி கிடைக்கும். நம் தாத்தா பந்தியில் நின்று உபசரித்த காட்சிக்கு வேறு பிரதி ஏது?

ஆஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட ஒலி ஆவணக் காப்பகம் 2015-லேயே எச்சரித்தது. 2025-க்குள் கணினிக்கு மாற்றப்படாத நாடாக்களில் பெரும்பாலானவை இழக்கப்படும் என்றது. நாடா கெடுவது மட்டும் காரணம் இல்லை. ஓட்டுவதற்கு இயந்திரமும், அதைச் சரி செய்யத் தெரிந்தவர்களும் இல்லாமல் போவதும் காரணம். அந்தக் கெடுவும் வந்துவிட்டது.

பரணில் கேசட் இருந்தால் இவற்றை மட்டும் செய்யுங்கள். முதலில் கேசட்டின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகத் தூள் போலப் படிந்திருந்தால் அது பூஞ்சை. சுத்தம் செய்யாமல் ஓட்டவே கூடாது. நாடாவும் போகும், டெக்கின் தலையும் போகும். பல வருடம் சும்மா கிடந்த டெக்கில் நேராகக் கல்யாணக் கேசட்டைப் போடாதீர்கள். அதன் ரப்பர் காய்ந்திருக்கும். தலையைத் துடைத்து, போனாலும் பரவாயில்லை என்ற ஒரு கேசட்டை முதலில் ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடும் முதல் முறையிலேயே கணினியில் பதிந்துவிடுங்கள். இரண்டாவது முறை ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

உங்கள் ஊரில் பழைய டெக் மெக்கானிக் யாராவது இன்னும் கடை வைத்திருந்தால் இந்த மாதமே போய்ப் பாருங்கள். உதிரி பாகத்தை வேறு இயந்திரத்திலிருந்து கழற்றிப் போட்டுக்கொள்ளலாம். அவர் கைக்கு உதிரி பாகம் கிடையாது.