தலையணைக்கு அடியிலிருந்த ஹஜ்ஜுப் பணம்

மலாயா நாட்டுக் கம்பங்களில் வாழ்ந்த ஏழை முஸ்லிம்கள், ஹஜ்ஜுக்கென்று சேர்த்த பணத்தை எங்கே வைத்திருந்தார்கள்? தலையணைக்கு அடியில், மரப்பெட்டிக்குள், சில வேளைகளில் மண்ணுக்குள். நகரங்களில் வங்கிகள் இல்லாமலில்லை. அஞ்சலகச் சேமிப்பும் இருந்தது. ஆயினும் அவர்கள் அந்த வாசல்களை மிதிக்கவில்லை. வட்டி கலந்த காசைக் கொண்டு கஃபத்துல்லாவைக் காணச் செல்வதா என்ற அச்சமே காரணம்.

அந்த அச்சம் ஈமானிலிருந்து பிறந்தது. வணிகத்தை ஆகுமாக்கி வட்டியை விலக்கிய திருமறையின் கட்டளையை எழுதப் படிக்கத் தெரியாத உழவனும் அறிந்திருந்தான். ஆனால் அதற்காக அவன் கொடுத்த விலை பெரிது. பெட்டியில் கிடந்த பணம் வளரவில்லை; விலைவாசி ஏற ஏற அதன் மதிப்புத் தேய்ந்தது. திருடனுக்கும் தீக்கும் வெள்ளத்துக்கும் அஞ்ச வேண்டியிருந்தது. கப்பல் கட்டணத்துக்குப் போதாதபோது மாட்டை விற்றான். பிறகு நிலத்தையும் விற்றான். பினாங்குத் துறைமுகத்தில் கப்பலேறி, கடமையை நிறைவேற்றி, ‘ஹாஜி’ என்ற சிறப்போடு ஊர் திரும்பியவனுக்கு உழுவதற்கு ஒரு துண்டு நிலமும் இல்லாத நிலை பல குடும்பங்களில் நேர்ந்தது. வசதியுள்ளவர் மீது மட்டுமே கடமையான ஒரு வணக்கம், வசதியையே அழித்துவிடும் சோகம் இது.

இந்தச் சோகத்தைக் கண்டு சிந்தித்தவர் பொருளியல் பேராசிரியர் உங்கு அப்துல் அஸீஸ். 1922-இல் பிறந்து 2020-இல் மறைந்த இவர், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். கிராம வறுமையை நேரில் ஆராய்ந்தவர். ஒரு வீட்டில் ஆளுக்கு எத்தனை சாரங்கள் உள்ளன என்று எண்ணியே அந்த வீட்டின் வறுமையை அளந்துவிடலாம் என்று கூறியவரும் இவரே. ஹஜ்ஜுச் செல்வோரின் பொருளாதார நிலையைச் சீர்படுத்தும் திட்டம் ஒன்றை 1959-இல் எழுதி அரசின் முன் வைத்தார்.

திட்டத்தின் உட்பொருள் எளியது. ஹஜ்ஜை நாடுவோர் சிறுகச் சிறுகச் சேமிக்க ஒரு நிறுவனம் வேண்டும். அது பணத்தை வட்டிக்கு விடலாகாது. தோட்டம், தொழில், கட்டடம் ஆகிய ஆகுமான துறைகளில் ஈடுபடுத்தி, வரும் இலாபத்தைச் சேமிப்போருக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும். சேமிப்பும் நிறைய வேண்டும். நிலமும் நிலைக்க வேண்டும்.

அந்நாளில் மலாயாவுக்கு வருகை தந்த அல்அஸ்ஹரின் தலைமை இமாம் ஷைகு மஹ்மூது ஷல்தூத் அவர்கள் இத்திட்டத்தை வரவேற்றார்கள். அஞ்சலகச் சேமிப்பில் கிடைக்கும் ஆதாயம் கூடும் என்று எகிப்தில் ஃபத்வா வழங்கியவர்கள் அவர்கள். அதனால் உலமாக்கள் பலரோடு கருத்து மாறுபாடு கொண்டவர்கள். அத்தகையவரும் வட்டியின் நிழல்கூட விழாத இந்தப் பாதையை வாழ்த்தினார்கள் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. சட்ட நுணுக்கத்தில் பிரிந்து நிற்போரும் ஐயத்துக்கு இடமில்லாத நன்மையில் ஒன்றுபடுகிறார்கள்.

1963 செப்டம்பர் 30-ஆம் நாள் நிறுவனம் பணி தொடங்கியது. மலேசியா என்னும் கூட்டரசு பிறந்து பதினான்கு நாட்களே ஆகியிருந்தன. முதலில் சேர்ந்தோர் 1,281 பேர். அவர்கள் செலுத்திய தொகை சுமார் 46,600 வெள்ளி. ஆளுக்குச் சராசரி 36 வெள்ளிதான்! தலையணைக்கு அடியிலிருந்து வெளிவந்த முதல் காசுகள் அவை. 1951 முதல் பினாங்கில் இயங்கிவந்த ஹஜ்ஜு அலுவலகமும் 1969-இல் இதனோடு இணைக்கப்பட்டது. சேமிப்பும் பயண ஏற்பாடும் ஒரே கூரையின் கீழ் வந்தன. இன்று ‘தாபோங் ஹாஜி’ என்று உலகம் அறிந்த நிறுவனம் இதுவே.

அதே 1963-ஆம் ஆண்டில், பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், நைல் நதியின் கழிமுகத்தில் மீத் கம்ரு என்னும் சிற்றூரில் மற்றொரு முயற்சி முளைத்தது. மேற்கு ஜெர்மனியில் பயின்று திரும்பிய டாக்டர் அஹ்மது அந்நஜ்ஜார், அந்நாட்டுச் சேமிப்பு வங்கிகள் ஊர்மக்களின் சிறு பணத்தை ஊர்த்தொழிலுக்கே பயன்படுத்திய முறையைக் கண்டவர். அம்முறையிலிருந்து வட்டியை நீக்கினால் எகிப்திய உழவனும் முன்வருவான் என்று அவர் நம்பினார். அவர் தொடங்கிய வங்கியின் பெயர்ப்பலகையில் ‘இஸ்லாம்’ என்ற சொல் இல்லை. அதிபர் ஜமால் அப்துந் நாஸரின் ஆட்சிக்காலம் அது. அச்சொல் அரசியல் ஐயத்தை எழுப்பக்கூடும். பெயரில் இல்லாதது செயலில் இருந்தது. சேமிப்புக் கணக்குக்கு வட்டி இல்லை. தேவைப்படுவோருக்கு வட்டியில்லாக் கடன் உண்டு. முதலீட்டுக் கணக்குக்கு இலாப நட்டத்தில் பங்கு உண்டு. ஜகாத்துக்குத் தனி நிதியும் உண்டு. உழவரும் கைத்தொழிலாளரும் திரண்டு வந்தனர். கிளைகள் பெருகின. ஆயினும் 1967-இல் இவ்வங்கிகள் தம் தனித்தன்மையை இழந்து அரசு வங்கி அமைப்பினுள் அடங்கிவிட்டன. நான்கே ஆண்டுகள்! விதை மட்டும் அழியவில்லை. வட்டியற்ற அடிப்படையில் நாஸர் சமூக வங்கி 1971-இல் அமைந்தது. 1975-இல் ஜித்தாவில் இஸ்லாமிய அபிவிருத்தி வங்கியும், துபையில் துபை இஸ்லாமிய வங்கியும் பணி தொடங்கின. 1983-இல் மலேசியாவும் தன் முதல் இஸ்லாமிய வங்கியைக் கண்டது.

இந்த நிறுவனங்கள் புதியவை. இவற்றின் சட்டங்களோ பழையவை. ஒருவர் முதலும் மற்றவர் உழைப்புமாகச் சேரும் முளாரபா, இருவரும் முதலிட்டுக் கூடும் முஷாரகா, வாங்கிய விலையையும் வைக்கும் இலாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லி விற்கும் முராபஹா ஆகிய அனைத்தும் ஃபிக்ஹு நூல்களில் நூற்றாண்டுகளாக விளக்கப்பட்டவை. இவை எல்லாவற்றுக்கும் உயிர்நாடி ஒன்று உண்டு: நட்டத்தின் பொறுப்பை ஏற்பவனுக்கே இலாபத்தின் உரிமை. பொறுப்பை ஏற்காமல் ஆதாயத்தை மட்டும் உறுதி செய்து கொள்வதுதான் வட்டியின் குணம்.

நம் இல்லங்களில் நாள்தோறும் நடக்கும் ஒரு செயலைக் கொண்டு இதைப் பார்ப்போம். ஒருவருக்குத் தையல் இயந்திரம் வேண்டும், கையில் பணமில்லை. வங்கி அதை வாங்கித் தனக்கு உடைமையாக்கி, இலாபம் வைத்துத் தவணைக்கு விற்கிறது. உடைமையாக இருந்த அந்தச் சிறிது நேரத்தில் இயந்திரம் பழுதானால் நட்டம் வங்கியுடையது. ஆகவே இலாபம் ஆகுமாகிறது. வங்கி அந்த இயந்திரத்தை வாங்கவே இல்லை, தாளில் மட்டும் வாங்கி விற்றதாக எழுதிக் கொண்டது என்றால் என்னவாகும்? பெயர் முராபஹா, பொருள் வட்டி. இத்தகைய ஐயம் காரணமாகவே, பணம் பெறுவதையே நோக்கமாகக் கொண்டு ஒரு பொருளைத் தவணைக்கு வாங்கி உடனே ரொக்கத்துக்கு விற்கும்படி வங்கியே ஏற்பாடு செய்யும் ‘தவர்ருக்’ முறை கூடாது என்று, 2009-இல் ஷார்ஜாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி தீர்மானித்தது. எனினும் அம்முறை பல நாடுகளில் இன்றும் வழக்கில் உள்ளது.

மீண்டும் தாபோங் ஹாஜிக்கு வருவோம். 36 வெள்ளியில் தொடங்கிய நிறுவனம் வளர்ந்து, சேமிப்போர் தொகை 90 இலட்சத்தையும் தாண்டிற்று. நெடுங்காலம் இச்சேமிப்பு ‘வதீஆ’ என்னும் அமானித அடிப்படையில் ஏற்கப்பட்டது. முதலுக்கு 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு பொறுப்பேற்றது. ஆண்டுதோறும் வழங்கப்பட்ட ஆதாயத்துக்கு ‘ஹிபா’, அதாவது அன்பளிப்பு என்று பெயர். அன்பளிப்பு என்பது கொடுப்பவரின் விருப்பம். உரிமையாகக் கேட்கத் தக்கதன்று. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அது எதிர்பார்ப்பாயிற்று; எதிர்பார்ப்பு உரிமைபோல் ஆயிற்று.

2018 டிசம்பரில் வெளிவந்த அரசின் அறிக்கை நாட்டை அதிர வைத்தது. 2017 இறுதியில் நிறுவனத்தின் சொத்துக்களைக் காட்டிலும் பொறுப்புகள் 410 கோடி ரிங்கிட் மிகுந்திருந்தன என்றும், அத்தகைய நிலையிலும் ஹிபா வழங்கப்பட்டது என்றும் அது குற்றம் சாட்டியது. நலிந்த சொத்துக்கள் 1,990 கோடி ரிங்கிட் விலைக்குத் தனி அரசு நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்டன; அவற்றின் சந்தை மதிப்போ ஏறத்தாழ அதில் பாதிதான். 2018-ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்ட ஹிபா 1.25 விழுக்காடாகக் குறைந்தது. சேமித்தோரின் முதல் காக்கப்பட்டது. ஆனால் அதன் சுமை பொதுப் பணத்தின் மீது விழுந்தது.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை யாது? வட்டியில்லா முறை தோற்றுவிட்டது என்று சிலர் கூறக்கூடும். அது சரியன்று. ஈட்டிய இலாபத்தையே பகிர வேண்டும் என்ற சட்டத்தை விட்டு விலகிய இடத்தில்தான் இடர் நேர்ந்தது. ஈட்டாத இலாபத்தை இன்று பகிர்ந்தால், நாளை சேமிக்க வரும் ஏழையின் பங்கை இன்றே உண்டவர்களாகிறோம். ‘ஏன் இவ்வளவு குறைவு?’ என்று கேட்கும் நாம், ‘இவ்வளவு எங்கிருந்து வந்தது?’ என்றும் கேட்டிருக்க வேண்டாமா? மகிழ்ச்சியோடு வாங்கிக் கொண்டவர்களுக்கும் இப்பிழையில் சிறு பங்கு உண்டு என்றே சொல்லத் தோன்றுகிறது.

மீத் கம்ருவின் உழவனும் மலாயாக் கம்பத்தின் உழவனும் வங்கிப் பலகையில் இருந்த எழுத்தைப் பார்த்துத் தம் காசைக் கொடுக்கவில்லை. தம் ஹலாலான உழைப்பு ஹலாலாகவே திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் கொடுத்தார்கள். இன்று நம் ஊரில் ஜமாஅத்தார் நடத்தும் சிறு வட்டியில்லாக் கடன் நிதியாயினும், கடல் கடந்த நாட்டின் மாபெரும் வங்கியாயினும், அந்த நம்பிக்கைக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவை. ‘இஸ்லாமிய’ என்ற அடைமொழி அக்கடமையைக் குறைப்பதில்லை. இன்னும் கூட்டவே செய்கிறது. தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்த அந்த 36 வெள்ளி ஓர் அமானிதம். அமானிதத்தைக் குறித்த விசாரணை இவ்வுலகத்து அறிக்கைகளோடு முடிவதன்று.