இருளில் எடுத்த படம்

கோலார் தங்கவயல் என்றவுடன் நம் நினைவில் எழுவது பொன். அவ்வூர்ச் சுரங்கம் உலகுக்கு வேறொரு செல்வத்தையும் அளித்திருக்கிறது. பாறையின் இருளில் எடுக்கப்பெற்ற படமே அச்செல்வம்.

அப்படம் எடுத்த கருவியின் வரலாறு இத்தாலியில் தொடங்குகிறது. மார்செல்லோ கான்வெர்சி என்னும் பௌதிக அறிஞர், கொட்சீனி என்பாருடன் சேர்ந்து, 1955-ஆம் ஆண்டில் ஒரு புதிய முறையை வெளியிட்டார். நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்களை உலோகத் தகடுகளுக்கிடையே அடுக்கி வைப்பர். மின்னூட்டமுள்ள துகளொன்று அவற்றை ஊடுருவியதும், தகடுகளில் உயர் மின்னழுத்தம் கணப்பொழுது பாய்ச்சப்படும். துகள் சென்ற குழாய்கள் மட்டும் ஒளிரும். ஏனையவை இருண்டே இருக்கும். அவ்வொளிப் புள்ளிகளைப் படம்பிடித்தால், கண்ணுக்குப் புலனாகாத துகளின் வழி ஒரு கோடாகத் தெரியும்.

வானிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களைப் பாறை வடிகட்டுகிறது. ஆதலால் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் 1950-களிலேயே தங்கவயலுக்கு வந்தனர். 1960-களின் தொடக்கத்தில், மிக்க ஆழத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு துகள்கூடக் கருவியை எட்டவில்லை. அந்த வெறுமையே வழிகாட்டிற்று. பாறை மலைகளையும் ஊடுருவ வல்ல நியூட்ரினோவைத் தேட இதனினும் தக்க இடம் ஏது?

இங்கிலாந்தின் டர்ஹாம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகங்களும் உடன் சேர்ந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், நியான் குழாய்கள் அடுக்கப்பெற்றன. நியூட்ரினோ தானே தடம் பதிப்பதில்லை. அது பாறையில் மோதி எழுப்பும் மியூவான் என்ற துகளே தடம் பதிக்கும். வானிலிருந்து வரும் மியூவான் பக்கவாட்டில் அத்தனை பாறையைக் கடந்து வர இயலாது. எனவே கிடைமட்டத்தை ஒட்டிய தடம் நியூட்ரினோவின் சாட்சியாகும். அத்தகைய தடம் 1965-இல் கிட்டிற்று. வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவைக் கண்ட செய்தியை முதலில் அச்சேற்றியவர்கள் இக்குழுவினரே. தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றில் ஆராய்ந்த குழுவின் செய்தி சுமார் இரண்டு வாரம் கழித்து வெளிவந்தது.

அறிஞர்களின் பெயர்களை நூல்கள் போற்றுகின்றன. அவர்கள் இறங்கிய ஆழத்தை அகழ்ந்தவர் யாவர்? வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து பிழைப்பு நாடிச் சென்ற தமிழர் அவருள் பெரும்பகுதியினர். வெப்பத்திலும் பாறைத்தூசியிலும் தலைமுறை தலைமுறையாக அவர்கள் வெட்டிய வழியே அறிவியலும் கீழே இறங்கிற்று.

2001-இல் சுரங்கம் மூடப்பெற்றது. பொன்னின் கணக்கு அத்துடன் முடிந்தது. அயல் மாநிலத்தில் வாழும் நாம் தங்கவயலைப் பற்றி நம் மக்களுக்குச் சொல்லும்போது, இருளில் கிடைத்த அந்த ஒளிக்கோட்டையும், அதற்கு இடம் அமைத்த உழைப்பாளிகளையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.